இளங்கன்றின் குடலுக்கு ஏற்ற மாற்றுப்பால்: புரதத்தின் மூலம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை

தாய்ப்பாலுக்குப் பதிலாக நீரில் கரைத்துக் கன்றுக்கு ஊட்டும் மாற்றுப்பால் தூள் பைகள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டிலும் கச்சாப் புரதம் 22 சதவீதம், கொழுப்பு 18 சதவீதம் என்று ஒரே எண்கள் அச்சிடப்பட்டிருக்கக் கூடும். விலை மட்டும் கணிசமாக வேறுபடும். வாங்குபவர் குறைந்த விலைப் பையை எடுப்பதில் தவறேதும் இருப்பதாகத் தோன்றாது. ஆனால் கச்சாப் புரதம் என்பது தூளில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை ஒரு காரணியால் பெருக்கிப் பெறும் எண் மட்டுமே. அந்த நைட்ரஜன் பாலிலிருந்து வந்ததா, சோயாவிலிருந்து வந்ததா, அதிகச் சூட்டில் கருகிய பால்தூளிலிருந்து வந்ததா என்பதை அந்த எண் சொல்லாது. பிறந்து 10 நாட்களே ஆன கன்றின் குடலுக்கோ இவை மூன்றும் ஒன்றல்ல.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். கன்று ஒன்றுக்கு நாளொன்றுக்கு 750 கிராம் தூள் கரைத்து ஊட்டுகிறோம் என்று கொள்வோம். 22 சதவீதக் கணக்கில் அதில் 165 கிராம் புரதம் இருக்கும். முதல் பையின் புரதம் 95 சதவீதமும் இரண்டாம் பையின் புரதம் 75 சதவீதமும் செரிப்பதாக வைத்துக்கொண்டால், கன்றுக்குக் கிடைப்பது முறையே ஏறக்குறைய 157 கிராமும் 124 கிராமும் ஆகும். இந்த 33 கிராம் இழப்பு வளர்ச்சியைக் குறைக்கும் என்பது எளிதில் புரியும். அதைவிடக் கவனிக்க வேண்டியது மறுபக்கக் கணக்கு: செரிக்காமல் பெருங்குடலுக்குச் செல்லும் புரதம் முதல் பையில் 8 கிராம், இரண்டாம் பையில் 41 கிராம், அதாவது ஐந்து மடங்கு. வளர்ச்சிக் குறைவைவிட இந்த ஐந்து மடங்குதான் இளங்கன்றை முதலில் வருத்துகிறது.

கன்றின் வயிற்றில் நடப்பது

பிறந்த கன்றுக்கு நான்கு இரைப்பைகள் இருந்தாலும் வேலை செய்வது நான்காவது மட்டுமே. கன்று பாலை உறிஞ்சும்போது உணவுக்குழலின் முடிவில் உள்ள மடிப்பு குழாய்போல் மூடிக்கொண்டு, பாலை முதல் இரைப்பைக்குள் விழவிடாமல் நேராக நான்காம் இரைப்பைக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே சுரக்கும் கைமோசின் என்னும் நொதியும், அமிலமும், பெப்சினும் சேர்ந்து பாலின் கேசீன் புரதத்தைச் சில நிமிடங்களில் உறையச் செய்கின்றன. பாலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன். கொழுப்பும் இந்தக் கட்டிக்குள் சிக்கிக்கொள்ளும். பிறகு கட்டி மெல்ல மெல்லக் கரைந்து, பல மணி நேரம் சிறுகச் சிறுகச் சிறுகுடலுக்கு இறங்குகிறது. மீதி 20 சதவீதமான வே புரதம், அதாவது பால் திரிந்தபின் பிரியும் தெளிநீரில் உள்ள புரதம், உறைவதில்லை. அது பால் சர்க்கரையோடு சேர்ந்து விரைவாகவே சிறுகுடலை அடைந்துவிடும்.

உறையாத புரதம் கன்றுக்கு ஆகாது என்று ஒரு கருத்து நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. தரமான வே புரதத்தைப் பொறுத்தவரை இது உண்மையன்று. வே புரதம் உறையாவிட்டாலும் அதன் அமினோ அமிலங்களின் அமைப்பு கன்றின் தேவைக்கு மிக நெருக்கமானது. சிறுகுடலில் அது நன்றாகச் செரிக்கிறது. ஆகவே உறைகிறதா இல்லையா என்பதைவிட, சிறுகுடலை அடைந்த புரதத்தை அங்குள்ள நொதிகள் உடைக்க முடிகிறதா என்பதுதான் முதன்மையான கேள்வி.

இங்கேதான் வயது குறுக்கே வருகிறது. கணையம் சுரக்கும் டிரிப்சின் போன்ற புரதம் உடைக்கும் நொதிகள் பிறந்தவுடன் குறைந்த அளவிலேயே இருக்கும்; வாரங்கள் செல்லச் செல்லத்தான் பெருகும். பால் புரதத்தை உடைக்க அந்தக் குறைந்த அளவே போதும், ஏனெனில் கன்றின் செரிமானம் அதற்கென்றே அமைந்தது. பால் அல்லாத புரதங்களை உடைக்க அது போதாது. உடைபடாத புரதம் பெருங்குடலுக்குப் போனால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து அம்மோனியாவும் அமீன்களும் உண்டாக்குகின்றன. இவை குடலின் உட்சுவரை எரிச்சலூட்டுவதோடு, ஈ.கோலை, கிளாஸ்டிரிடியம் போன்ற தொல்லை தரும் நுண்ணுயிர்கள் பெருகவும் இடம்தருகின்றன.

சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளையும் மறக்கக் கூடாது. உணவை உறிஞ்சும் பரப்பு இவைதாம். இவற்றின் மேல் உள்ள செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. ஒவ்வாத புரதம் தொடர்ந்து வந்தால் உதிர்வது வேகமாகி, உறிஞ்சிகள் குட்டையாகிவிடும். அப்போது புரதம் மட்டுமன்றிப் பால் சர்க்கரையும் சரியாக உறிஞ்சப்படாமல் குடலில் தேங்கி, நீரை இழுத்துக்கொண்டு கழிச்சலாக வெளியேறும். கொழுப்பையோ சர்க்கரையையோ குறைத்துப் பார்த்தும் நிற்காத கழிச்சலுக்குச் சில வேளை காரணம் புரதமாகவே இருப்பது இதனால்தான்.

புரத மூலங்கள்

கொழுப்பு நீக்கிய பால்தூள் முதல் வரிசையில் வைக்கத்தக்கது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. குறைந்த சூட்டில் உலர்த்திய தூள் கன்றின் வயிற்றில் நன்றாக உறையும். அதிகச் சூட்டில் உலர்த்தினால் வே புரதம் இயல்பு மாறிக் கேசீனோடு ஒட்டிக்கொண்டு உறைதலைக் கெடுக்கும். கூடவே லைசின் என்னும் அமினோ அமிலம் பால் சர்க்கரையோடு பிணைந்து கன்றுக்குப் பயன்படாமல் போகும். உள்ளடக்கப் பட்டியலில் பால்தூள் என்ற ஒரே சொல்லாக நிற்கும் பொருள் இவ்வாறு மிக நல்லதாகவும் இருக்கலாம், வீணானதாகவும் இருக்கலாம்.

வே தூள், வே புரதச் செறிவு ஆகிய இரண்டும் ஒன்றெனக் கொள்ளப்படுவது உண்டு. வே தூளில் புரதம் ஏறக்குறைய 12 சதவீதமே. 70 சதவீதத்துக்கும் மேல் பால் சர்க்கரை. வே புரதச் செறிவில் புரதம் பெரும்பாலும் 34 சதவீதத்திலிருந்து தொடங்கும். வே தூளை மட்டும் வைத்து 22 சதவீதப் புரதம் எட்ட முடியாது. ஆகவே பட்டியலில் வே தூள் முதலிடத்திலும், செறிவு எங்கும் இல்லாமலும் இருந்தால், மீதிப் புரதம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். பெரும்பாலும் அது சோயாவாக இருக்கும்.

சோயாவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஒரே பெயரில் மிக வேறுபட்ட பொருட்கள் விற்கப்படுகின்றன. சோயா மாவில் நான்கு இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, டிரிப்சினைச் செயல்படவிடாமல் தடுக்கும் பொருட்கள். ஏற்கெனவே குறைவாக உள்ள நொதியை இவை மேலும் முடக்குகின்றன. இவற்றை முறையான சூட்டினால் பெருமளவு அழிக்க முடியும். இரண்டாவது, கிளைசினின், பீட்டா கான்கிளைசினின் என்னும் சேமிப்புப் புரதங்கள். இவற்றைக் கன்றின் உடல் அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பொருள் உண்டாக்குவதால் குடலில் ஒவ்வாமை ஏற்படுகிறது. இவை வெறும் சூட்டுக்கு எளிதில் அடங்குவதில்லை. மூன்றாவது, ரஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகள். இவற்றை உடைக்கும் நொதி கன்றின் சிறுகுடலில் இல்லாததால் நேராகப் பெருங்குடலுக்குச் சென்று புளித்து வாயுவையும் கழிச்சலையும் தருகின்றன. நான்காவது, கனிமங்களைப் பிணைத்துக்கொள்ளும் பைட்டேட்.

ஒவ்வாமையின் போக்கு ஏமாற்றக்கூடியது. சோயா மாவு கலந்த பாலை முதல் சில வேளைகள் குடித்த கன்றிடம் எந்த மாற்றமும் தெரியாது. உடல் எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொண்ட பிறகு, அடுத்தடுத்த ஊட்டல்களில்தான் குடலியக்கம் குலைந்து சாணம் இளகும். பண்ணையாளர், "இத்தனை நாள் இதே தூளைத்தானே கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று வேறு காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

சோயா மாவைச் சூடான ஆல்கஹால் கலந்த நீரில் கழுவினால் கிடைப்பது சோயா புரதச் செறிவு. இதில் புரதம் 65 முதல் 70 சதவீதம் வரை இருக்கும். மேற்சொன்ன சர்க்கரைகள் பெரும்பாலும் நீங்கிவிடும். ஒவ்வாமைத் தன்மையும் மிகவும் குறையும். சோயா தனிப்புரதத்தில் 90 சதவீதம் வரை புரதம் உள்ளது. ஆனால் எண் பெரிதென்பதால் அதுவே சிறந்தது என்று எடுத்துக்கொள்ளலாகாது. தனிப்புரதம் எடுக்கும்போது சேமிப்புப் புரதங்களே செறிவூட்டப்படுகின்றன; நொதியால் பகுத்துச் சிறு துண்டுகளாக ஆக்கியிருந்தால் ஒழிய ஒவ்வாமைத் தன்மை நிற்கலாம். சோயாவைத் தவிர்க்க முடியாத நிலையில் ஆல்கஹாலில் கழுவிய செறிவையோ, நொதியால் பகுத்த புரதத்தையோ நாட வேண்டும். சாதாரண சோயா மாவை மூன்று வாரத்துக்குட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

நொதியால் பகுத்த கோதுமைப் புரதம் நீரில் நன்றாகக் கரையும். சோயாவில் உள்ள அளவுக்குத் தடைப்பொருட்களும் இதில் இல்லை. இதன் குறை லைசின் மிகக் குறைவு என்பது. பட்டியலில் கோதுமைப் புரதம் இருந்தால் லைசின் தனியாகச் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பட்டாணி, உருளைக்கிழங்குப் புரதங்களிலும் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்கள் உண்டு; அவற்றைச் சுத்திகரித்த முறையைப் பொறுத்தே தரம் அமையும்.

தெளித்து உலர்த்திய இரத்தப் பிளாஸ்மா, விலங்கு மூலங்களில் தனி இடம் பெறுவது. இதில் எஞ்சியிருக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் குடலுக்குள்ளேயே கிருமிகளைப் பற்றிக்கொண்டு கழிச்சலின் கடுமையைக் குறைக்க உதவுகின்றன. ஐசோலியூசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்கள் இதில் குறைவாக இருப்பதால் முதன்மைப் புரதமாக இதை வைக்க முடியாது. மாடுகளின் மூளையைத் தாக்கும் பஞ்சுமூளை நோய்க்குப் பின், அசைபோடும் விலங்குகளின் உடற்பொருட்களை அவற்றின் தீவனத்தில் சேர்ப்பதற்கு நாட்டுக்கு நாடு வெவ்வேறு கட்டுப்பாடுகள் உள்ளன. பயன்படுத்துமுன் அந்தந்த இடத்துச் சட்டத்தை அறிந்துகொள்ள வேண்டும். முட்டைப் புரதம் கேட்பதற்குக் கவர்ச்சியாக இருந்தாலும், அதில் டிரிப்சினைத் தடுக்கும் பொருளும், பயோட்டின் என்னும் வைட்டமினைப் பிணைக்கும் அவிடினும் இருப்பதால் அதிக அளவில் கன்றுக்கு உகந்ததன்று.

பையில் எழுதியிருப்பதைப் படித்தல்

பொதுவாக உள்ளடக்கப் பட்டியலில் பொருட்கள் எடையின் இறங்கு வரிசையில் தரப்படும். முதல் மூன்று இடங்களில் பால் பொருட்கள் உள்ளனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். "தாவரப் புரதம்" என்று பொதுவாக மட்டும் எழுதி, எந்தத் தாவரம், எப்படிப் பதப்படுத்தியது என்று சொல்லாத பையை இளங்கன்றுக்கு வாங்காமல் விடுவதே நல்லது. விற்பவரிடம் எழுத்தில் கேட்டால் தரமான உற்பத்தியாளர் பதில் தருவார்.

நார்ச்சத்தின் அளவு ஒரு நல்ல துப்பு. பாலில் நார் கிடையாது. ஆகவே முழுதும் பால் புரதத்தால் ஆன தூளில் கச்சா நார் ஏறக்குறைய 0.15 சதவீதத்துக்குள் இருக்கும். 0.2 சதவீதத்தைத் தாண்டினால் தாவர மாவு சேர்ந்திருப்பதாக எண்ணலாம். ஆனால் இந்தத் துப்பு ஒருவழிப்பட்டது: சோயா தனிப்புரதத்திலும் கோதுமைக் குளூட்டனிலும் நார் மிகக் குறைவு என்பதால், நார் குறைந்திருப்பது மட்டுமே பால் புரதத்துக்குச் சான்றாகாது. சாம்பல், அதாவது தூளை எரித்தபின் எஞ்சும் கனிமங்களின் அளவையும் பார்க்க வேண்டும். அது 9, 10 சதவீதத்தைத் தாண்டினால், சர்க்கரை நீக்கிய மலிவான வே பொருட்களோ மிகுதியான கனிமங்களோ சேர்ந்திருக்கலாம். அவ்வாறு உப்பு மிகுந்த பால் குடலுக்குள் நீரை இழுக்கும்.

மாவுச்சத்தும் சாதாரணச் சர்க்கரையும் பட்டியலில் இருந்தால், அவை புரதம் அல்லவே என்று விட்டுவிடக் கூடாது. சாதாரணச் சர்க்கரையை உடைக்கும் நொதி கன்றின் குடலில் இல்லை. மாவுச்சத்தை உடைக்கும் நொதியும் தொடக்கத்தில் மிகக் குறைவு. ஒவ்வாத புரதமும் இவையும் ஒரே பையில் சேர்ந்திருந்தால் கழிச்சலின் காரணத்தைப் பிரித்தறிவதே கடினமாகிவிடும்.

பண்ணையிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

பையைத் திறந்ததும் நிறத்தையும் மணத்தையும் கவனிக்க வேண்டும். நல்ல தூள் இளமஞ்சள் கலந்த வெண்ணிறமாகவும், பாலின் மென்மையான மணத்தோடும் இருக்கும். பழுப்பு நிறமும், காய்ச்சிய சர்க்கரைப்பாகு போன்ற மணமும் இருந்தால் அதிகச் சூடு பட்டு லைசின் கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். சிக்கடித்த எண்ணெய் மணம் கொழுப்பு கெட்டதைக் காட்டும்.

அடுத்ததாக, கண்ணாடிக் குவளையில் பையில் சொன்ன அளவுப்படி தூளைக் கரைத்து, அசைக்காமல் அரை மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் மணல்போல் வண்டல் படிந்தால் கரையாத புரதமோ மாவோ இருக்கிறது. இந்த வண்டல் செரிமானத்துக்கு மட்டும் கெடுதி அல்ல. ஒரே வாளியில் கரைத்துப் பல கன்றுகளுக்குப் பகிர்ந்து ஊட்டும் இடத்தில் முதல் கன்றுக்கு நீர்த்த பாலும், கடைசிக் கன்றுக்கு அடிவண்டலும் போய்ச் சேரும். எப்போதும் கடைசியில் குடிக்கும் கன்றே நோயுறுகிறது என்றால் வாளியின் அடியைப் பார்ப்பது நல்லது.

கொழுப்பு நீக்கிய பால்தூளே முதன்மைப் புரதம் என்று சொல்லும் பைக்கு மட்டும் மூன்றாவது சோதனை பொருந்தும். பாலாடைக்கட்டி செய்யப் பயன்படும் ரென்னெட்டை, 38 பாகை செல்சியஸ் அளவுக்கு வெதுவெதுப்பாகக் கரைத்த மாற்றுப்பாலில் சேர்த்து வைத்தால், சிறிது நேரத்தில் உறுதியான கட்டி உருவாக வேண்டும். தளதளவென்று உடையும் கட்டியோ, கட்டியே இல்லாமையோ கேசீன் சேதமுற்றதைக் காட்டும். வே புரதத்தால் ஆன தூள் இந்தச் சோதனையில் உறையாது என்பது இயல்பு. அதை வைத்து நல்ல தூளை ஒதுக்கிவிடக் கூடாது.

வயதுக்கு ஏற்ற புரதம்

பிறந்த முதல் நாளில் சீம்பாலுக்கு மாற்றே கிடையாது. 40 கிலோ எடையுள்ள கன்றுக்குப் பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் 3 முதல் 4 லிட்டர் வரை, அதாவது உடல் எடையில் ஏறக்குறைய 10 சதவீதம், தரமான சீம்பால் சென்றாக வேண்டும். குடல் பெரிய புரதங்களை அப்படியே உள்ளே விடும் வாசல் ஏறக்குறைய 24 மணி நேரத்தில் மூடிவிடுகிறது. சீம்பாலில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் இயற்கையாகவே இருப்பது சுவையான செய்தி: சோயாவில் குறையாக நிற்பதே இங்கே எதிர்ப்புப் புரதங்கள் உடைந்துபோகாமல் காக்கும் காவலாகிறது. முதல் நாளுக்குப் பின்னும், அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குக் கறக்கும் இடைநிலைப் பாலைக் கொடுப்பது குடல் முதிர்ச்சிக்கு உதவும்.

நான்காம் நாளிலிருந்து மூன்றாம் வாரம் முடியும்வரை, புரதம் முழுவதும் பாலிலிருந்தே வர வேண்டும். பால் ஊட்டும் காலம் முழுவதற்கும் முழுப் பாலோ, பால் புரத மாற்றுப்பாலோ கட்டுப்படியாகாது என்னும் நிலையில், சோயாத் தூளை முழுதாகக் கொடுப்பதைவிட, முழுப் பாலை முதல் மூன்று வாரத்துக்கு ஒதுக்கிவிட்டு, மலிவுத் தூளைப் பிந்திய வாரங்களுக்குத் தள்ளிவைப்பதே சிக்கனமும் ஆகும். முதல் மூன்று வாரங்களில் கன்று உட்கொள்ளும் மொத்த அளவு குறைவு. எனவே அங்கே விலை உயர்ந்ததைக் கொடுத்தாலும் மொத்தச் செலவில் பெரிய வேறுபாடு வராது. மலிவுத் தூளால் சேமிக்கக்கூடிய தொகையில் பெரும்பகுதி நான்காம் வாரத்துக்குப் பின்புதான் இருக்கிறது.

நான்காம் வாரத்திலிருந்து, நன்றாகப் பதப்படுத்திய சோயா செறிவோ பகுத்த கோதுமைப் புரதமோ ஒரு பகுதியாக உள்ள தூளுக்கு மாறலாம். பால் புரதம் பாதிக்குக் குறையாமல் இருப்பது பாதுகாப்பானது. மாற்றம் ஒரே நாளில் நிகழக் கூடாது. முதல் இரண்டு நாட்கள் புதிய தூள் கால் பங்கு, அடுத்த இரண்டு நாட்கள் அரைப் பங்கு, பிறகு இரண்டு நாட்கள் முக்கால் பங்கு என ஒரு வாரத்தில் முழுதாக மாற்றலாம். கழிச்சலோடு இருக்கும் கன்றுக்கோ, கொம்பு நீக்கிய, இடம் மாற்றிய, தடுப்பூசி போட்ட நாட்களிலோ தூளை மாற்றத் தொடங்க வேண்டாம்.

இதற்கிடையே மூன்றாம் நாளிலிருந்தே சுத்தமான தண்ணீரும், சிறிதளவு கன்று ஆரம்பத் தீவனமும் கன்றின் முன் இருக்க வேண்டும். தண்ணீர் பாலைப்போல் அன்றி முதல் இரைப்பைக்குச் சென்று அங்குள்ள நுண்ணுயிர் வளர்ச்சிக்கு உதவுகிறது. தீவனத்திலிருந்து உருவாகும் பியூட்டிரிக் அமிலம் முதல் இரைப்பையின் உட்சுவரை வளர்க்கிறது. தாவரப் புரதத்தைக் கன்று ஏற்றுக்கொள்ள வேண்டிய இயல்பான வழி இதுதான். சோயாவே ஆரம்பத் தீவனத்தில் முதல் இரைப்பைக்குப் போனால் நுண்ணுயிர்களால் உடைக்கப்படுகிறது; பாலில் கலந்து நேராக நான்காம் இரைப்பைக்குப் போனால்தான் தொல்லை.

கரைத்தலும் ஊட்டலும்

நல்ல புரதமும் தவறான கரைப்பினால் கெடும். மிகப் பரவலான பிழை அளவில் நேர்கிறது. 150 கிராம் தூளை 850 மில்லி லிட்டர் நீரில் கரைத்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் கிடைக்கும். அதன் செறிவு 15 சதவீதம். அதே 150 கிராமை ஒரு முழு லிட்டர் நீரில் சேர்த்தால் செறிவு 13 சதவீதமே. பையில் எந்த முறை சொல்லப்பட்டுள்ளது என்பதைப் படித்து, எப்போதும் அதையே பின்பற்ற வேண்டும். தூளைக் கோப்பையால் அளக்காமல் தராசில் நிறுத்துக் கொள்ள வேண்டும், ஏனெனில் தூளுக்குத் தூள் அடர்த்தி மாறுகிறது.

பையில் வேறு அறிவுரை இல்லாதபோது 45 முதல் 50 பாகை வரை சூடான நீரில் கரைத்து, கன்று குடிக்கும்போது 38 முதல் 40 பாகை இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். 60 பாகைக்கு மேல் சூடான நீர் வே புரதத்தைக் கெடுத்துவிடும். மிகக் குளிர்ந்த நீரில் கொழுப்பு பிரிந்து மிதக்கும். கழிச்சலுக்கு இடம் தருவது பெரும்பாலும் செறிவின் ஏற்ற இறக்கமே. பசும்பாலில் கரைந்துள்ள பொருட்களின் சவ்வூடு செறிவு, அதாவது நீரைத் தன்பக்கம் இழுக்கும் திறனின் அளவு, ஏறக்குறைய 300 அலகு (கிலோவுக்கு மில்லிஆஸ்மோல்). மாற்றுப்பால் இயல்பாகவே அதைவிட உயர்ந்திருக்கும். தூளை மிகுதியாகச் சேர்த்து அது 600 அலகைத் தாண்டினால் இரைப்பை மெதுவாகவே காலியாகி, நான்காம் இரைப்பை உப்புவதற்கும் குடல் சேதத்துக்கும் வழியாகும். கன்று மெலிந்திருக்கிறதே என்று ஒரு கை தூளைக் கூடுதலாகப் போடுவது இரக்கமாகத் தோன்றினாலும், அளவைக் கூட்ட வேண்டுமானால் லிட்டரைக் கூட்ட வேண்டும், செறிவையன்று.

பாலை உறிஞ்சு காம்பு பொருத்திய வாளியிலோ புட்டியிலோ, கன்றின் இயல்பான தலை உயரத்துக்கு வைத்து ஊட்டினால் உறிஞ்சும் செயலால் உணவுக்குழல் மடிப்பு நன்றாக மூடும். பால் முதல் இரைப்பைக்குள் சிந்தினால் எவ்வளவு தரமான புரதமும் அங்கே அழுகிப் புளித்துவிடும். களிமண் நிறச் சாணமும், உப்பிய இடப்பக்க வயிறும், மங்கிய உரோமமும் சேர்ந்து காணப்பட்டால் இதை ஐயப்பட வேண்டும்.

சாணத்தைப் படித்தல்

பால் மட்டும் குடிக்கும் கன்றின் சாணம் மஞ்சள் நிறத்தில் குழைந்த கூழ்போல் இருப்பது இயல்பே. அதைக் கழிச்சல் என்று எண்ணிப் பால் நிறுத்துவது பெரும் பிழை. விழுந்த இடத்தில் பரவினாலும் வைக்கோலின் மேல் தங்கிநிற்கும் சாணம் கவனத்துக்குரியது. வைக்கோலுக்குள் வடிந்துபோகும் நீர்த்த சாணம் சிகிச்சைக்குரியது. வெண்ணிறச் சாணமும் எண்ணெய்ப் பளபளப்பும் கொழுப்பு செரிக்காததையும், அழுகல் நாற்றம் புரதம் பெருங்குடலில் புளிப்பதையும் காட்டலாம். இவை துப்புகள் மட்டுமே, இவற்றைக்கொண்டு நோயைத் தீர்மானிக்க முடியாது.

எல்லாக் கழிச்சலையும் தூளின் மேல் சுமத்துவதும் தவறு. முதல் ஐந்து நாட்களுக்குள் வரும் கழிச்சலுக்குப் பெரும்பாலும் நச்சு உண்டாக்கும் ஈ.கோலையும், 5 முதல் 14 நாட்களுக்குள் வருவதற்கு ரோட்டா வைரஸும், ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் வருவதற்குக் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியும் காரணமாகின்றன. ஒவ்வாத புரதத்தால் குட்டையான குடலுறிஞ்சிகள் இந்தக் கிருமிகளுக்கு எளிதில் இரையாகும். எனவே இரண்டும் பல வேளைகளில் கைகோத்தே வரும்.

கழிச்சல் கண்ட கன்றுக்கு நீரும் உப்பும் இழப்பதுதான் உயிருக்கு ஆபத்து. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பு நிற்பதும், கண் குழிவதும் நீரிழப்பின் அடையாளங்கள். பாலை நிறுத்தாமல், அளவைச் சிறிது குறைத்து, வேளைகளைக் கூட்டி, இடையிடையே உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரேற்றக் கரைசலைக் கொடுக்க வேண்டும். பைகார்பனேட் உள்ள கரைசலைக் கேசீன் உள்ள பாலோடு கலக்கக் கூடாது. அது நான்காம் இரைப்பையில் உறைதலைத் தடுத்துவிடும். இரண்டுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி வேண்டும். கன்று உறிஞ்ச மறுத்தாலோ, எழ முடியாமல் கிடந்தாலோ, வாயும் காதும் குளிர்ந்தாலோ, சாணத்தில் இரத்தம் கண்டாலோ, வெப்பநிலை 39.5 பாகைக்கு மேல் நின்றாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

குற்றம் தூளில்தானா என்று முடிவுசெய்ய ஒரு சிறு குறிப்பேடு போதும். ஒவ்வொரு பையின் தொகுதி எண்ணையும், அது திறந்த நாளையும், ஒவ்வொரு கன்றின் வயதையும் சாணத்தின் நிலையையும் அதில் எழுதிவர வேண்டும். ஒரே வயதுக் கன்றுகள் ஒவ்வொன்றாக, ஒருசில நாட்கள் இடைவெளியில் நோயுற்றால் கிருமியையும் கொட்டகைத் தூய்மையையும் பார்க்க வேண்டும். வெவ்வேறு வயதுக் கன்றுகள் பலவும் ஒரே நாளில், அதிலும் புதிய பை திறந்த மறுநாளோ மூன்றாம் நாளோ, சாணம் இளகினால் முதலில் தராசையும் வெப்பமானியையும் சோதித்துப் பார்க்க வேண்டும். கரைப்பில் குறையில்லை என்றால் பழைய பையில் மீதமிருப்பதை மீண்டும் கொடுத்துப் பார்த்து, புதிய பையிலிருந்து அரை கிலோவைக் காற்றுப்புகாமல் கட்டி, தொகுதி எண்ணோடு பகுப்பாய்வுக்கு எடுத்துவைக்க வேண்டும்.